முந்நூற்றெட்டுச் சுழியங்களுக்கு அப்பால்

ஒரு நாணயத்தோடு ஆட்டம் தொடங்குகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிக்கிறது. வேறெதுவும் நடப்பதில்லை. கையிருப்பை 32-பிட் முழு எண்ணில் வைத்திருந்தால் 31ஆவது நிமிடத்தில் ஆட்டம் உடையும். 2,14,74,83,647-க்கு மேல் அதில் இடமில்லை. ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் அடுத்த கணம் கையிருப்பு சத்தமில்லாமல் மைனஸுக்குப் போய் நிற்கும். 64-பிட் முழு எண் 63ஆவது நிமிடத்தில் அதே கதிக்கு ஆளாகும். பணக் கணக்குக்கென்று சி ஷார்ப்பில் இருக்கும் டெசிமல் வகை 96ஆவது நிமிடத்தில் பிழை வீசும். ஃப்ளோட் 128ஆவது நிமிடத்திலும், டபுள் 1024ஆவது நிமிடத்திலும், அதாவது 17 மணி 4 நிமிடத்தில், 'இன்ஃபினிட்டி' என்று கைவிரித்துவிடும்.

இதை மிகைப்படுத்திய உதாரணம் என்று நினைக்க வேண்டாம். கிளிக்கர், ஐடில், இன்கிரிமென்டல் என்று பல பெயரில் வழங்கும் இந்த வகை ஆட்டங்களில் ஆடுபவருக்குக் கிடைக்கும் இன்பமே எண் ஏறுவதுதான். ஏறினால் போதாது, ஏறும் வேகமும் ஏற வேண்டும். ஆகவே எழுதுபவர் என்றாவது ஒருநாள் தன் மொழி தந்த எண் வகையின் விளிம்புக்கு வந்து நிற்பார். அந்த விளிம்பில் என்ன நடக்கிறது, அதைத் தாண்ட என்ன கட்ட வேண்டும் என்பதே இந்த அத்தியாயம். உதாரணங்கள் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டை மனதில் வைத்தவை. யூனிட்டியில் எழுதுவோருக்கும் கணக்கு அதேதான். வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உச்சவரம்பு

கோட் எழுதும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய எண் எது? ஃபிராங்க் லான்ட்ஸ் 2017-இல் வெளியிட்ட 'யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ்' ஆட்டத்தில் பிரபஞ்சத்தின் பொருள் முழுவதும் பேப்பர் கிளிப்பாக மாறி முடிகிறது. அந்த முடிவில் திரையில் நிற்கும் எண் 3 × 10⁵⁵ மட்டுமே. டபுளின் கூரையோ சுமார் 1.8 × 10³⁰⁸. முடிவுள்ள கதை சொல்லும் ஆட்டத்துக்கு டபுள் தாராளமாகப் போதும்.

முதல் ஆட்டம் எழுதுபவர்கள் பலர் தொடக்கத்திலேயே பெரிய எண் லைப்ரரியைத் தேடி ஓடுகிறார்கள். வேண்டாம் என்பேன். ஜாவாஸ்கிரிப்டில் நம் சொந்த எண் வகைக்குக் கூட்டல் குறியும் பெருக்கல் குறியும் வேலை செய்யாது. ஒவ்வொரு கணக்கும் ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷனாக நீளும், வேகமும் குறையும், படிக்கவும் கண் வலிக்கும். சி ஷார்ப்பில் குறிகளுக்குப் புதுப் பொருள் கொடுக்க முடிவதால் அங்கே இந்தச் சங்கடம் குறைவு. இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. கையிருப்பைத் தொடும் இடங்களையெல்லாம் 'சேர்', 'செலவிடு', 'வாங்க முடியுமா', 'காட்டு' என்று நாலைந்து ஃபங்ஷன்களுக்குள் அடைத்துவிடுங்கள். உள்ளே இன்று டபுள் இருக்கட்டும். நாளை அதை மாற்ற வேண்டி வந்தால் அந்த நாலைந்தைத் தொட்டால் போதும்.

கூரையையே ஆட்டமாக மாற்றியவர்களும் உண்டு. 'ஆன்டிமேட்டர் டைமென்ஷன்ஸ்' ஆட்டத்தில் 1.8 × 10³⁰⁸-ஐத் தொடுவதுதான் முதல் பெரிய இலக்கு. தொட்டதும் எல்லாம் நொறுங்கி, ஒரு புது நாணயம் கையில் கிடைத்து, முதலிலிருந்து தொடங்குகிறது. அந்தச் சுவரையே உடைக்கும் வசதி வெகுநேரம் கழித்துத்தான் கிடைக்கும். எண் வகையின் குறையை இவ்வளவு அழகாக வேலைவாங்கிய ஆட்டம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

டபுள் எதைத் தொலைக்கிறது

டபுள் 64 பிட்டில் ஒரு பிட்டைக் குறிக்கும் 11 பிட்டை அடுக்குக்கும் 52 பிட்டை இலக்கங்களுக்கும் ஒதுக்குகிறது. எழுதப்படாத ஒரு பிட்டையும் சேர்த்தால் 53 பிட் துல்லியம். ஏறக்குறைய 16 இலக்கம். 9,00,71,99,25,47,40,992 என்ற எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அதே எண் திரும்ப வரும். அதற்கடுத்த எண்ணை எழுத டபுளிடம் வழியில்லை.

வங்கி மென்பொருளில் இது பெரும் விபத்து. நம் ஆட்டத்தில் பொருட்படுத்த வேண்டாம். பத்தாயிரம் கோடி கோடி வைத்திருப்பவருக்கு ஒரு நாணயம் கூடினாலும் குறைந்தாலும் திரையில் ஒன்றும் மாறாது. இங்கே ஆடுபவர் பார்ப்பது விகிதத்தைத்தான்: போன நிமிடத்தைவிட எத்தனை மடங்கு, அடுத்த பொருளை வாங்க இன்னும் எத்தனை மடங்கு. இந்த ஒன்றை மனதில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் எல்லா முடிவுகளும் எளிதாகும்.

ஃப்ளோட் வேறு கதை. யூனிட்டியில் பழக்கதோஷத்தில் கையிருப்பை ஃப்ளோட்டாக அறிவித்துவிடுவது சர்வ சாதாரணம். ஒரு ஃப்ரேமுக்கு 0.1 நாணயம் கூட்டுகிறீர்கள், வினாடிக்கு 60 ஃப்ரேம் என்று வையுங்கள். வினாடிக்கு 6 நாணயம் வர வேண்டும். கையிருப்பு 10,48,576-ஐத் தாண்டியதும் ஃப்ளோட்டின் மிகச் சிறிய படி 0.125 ஆகிவிடுகிறது. கூட்டிய 0.1 அந்தப் படிக்கு உயர்த்தப்பட்டு, வினாடிக்கு 7.5 நாணயம் வருகிறது. ஆடுபவர் புகார் சொல்ல மாட்டார். 20,97,152-ஐத் தொட்டதும் படி 0.25 ஆகிறது. 0.1 அதில் பாதியைக்கூடத் தொடாததால் முழுவதும் விழுங்கப்பட்டு, கையிருப்பு அப்படியே உறைகிறது. வருமானம் வினாடிக்கு 6 என்று திரை சொல்லும், எண்ணோ அசையாது. நாளொன்றுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் வர வேண்டிய வருமானம் அது, காணாமல் போனால் எவருக்கும் தெரியும். பணம், உற்பத்தி, விலை எதற்கும் ஃப்ளோட் வேண்டாம். அனிமேஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லையே இல்லாத முழு எண்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாவாஸ்கிரிப்டின் பிக்இன்ட், டாட்நெட்டின் பிக்இன்டிஜர், பைத்தானின் சாதாரண முழு எண் எல்லாம் ஒவ்வொரு இலக்கத்தையும் பத்திரமாகக் காப்பவை. ஆனால் 10-இன் அடுக்கு பத்து லட்சம் என்ற எண்ணை அப்படி வைக்க 33 லட்சத்துக்கும் அதிகமான பிட், அதாவது சுமார் 4,15,000 பைட் வேண்டும். ஆட்டத்தில் இப்படி நூறு எண்கள், வினாடிக்கு இருபது முறை பெருக்கல் என்றால் கைபேசி சூடாகிவிடும். யாரும் படிக்கப்போகாத இலக்கங்களுக்காக அந்தச் செலவு.

இன்ஃபினிட்டியும் நேனும்

துல்லியம் போவதால் இந்த ஆட்டங்கள் சாவதில்லை. சாகடிப்பவை இன்ஃபினிட்டியும், 'எண் அல்ல' என்று பொருள்படும் நேனும்தான்.

கையிருப்பு இன்ஃபினிட்டி ஆனதும் எல்லாப் பொருளையும் வாங்க முடியும். எதை வாங்கினாலும் கையிருப்பு குறையாது. அதுவரை வேடிக்கைதான். விலையும் இன்ஃபினிட்டி ஆகும்போது கழித்தல் நேனைத் தருகிறது. இன்ஃபினிட்டியைச் சுழியத்தால் பெருக்கினாலும் நேன். அதன்பின் நேனோடு எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் நேன். நேனை எதோடு ஒப்பிட்டாலும் 'இல்லை' என்றே பதில் வருவதால் வாங்கும் பொத்தான்கள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிப்போகும். பொத்தானில் பக் என்று தேடித் தேடி அலுத்துப்போவீர்கள். நோய் நாலு கணக்குக்கு முன்னால் ஒளிந்திருக்கும்.

நேன் பிறக்கும் இன்னொரு இடம் எளிதில் கண்ணில் படாது. 'குக்கி கிளிக்கர்' ஆட்டத்தில் மறுதொடக்கப் பரிசு, இதுவரை சுட்ட மொத்தக் குக்கிகளை லட்சம் கோடியால் வகுத்து, அதன் கனமூலம் எடுத்துக் கணக்கிடப்படுகிறது. இந்த மாதிரிச் சூத்திரத்தை 'அடுக்கு மூன்றில் ஒன்று' என்று எழுதியிருப்பீர்கள். ஆடுபவர் கைபேசியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார். கடந்த நேரம் மைனஸ் ஆகிறது. அந்த நேரத்துக்கான வருமானமும் மைனஸ். மொத்தம் சுழியத்துக்குக் கீழே போகிறது. மைனஸ் எண்ணுக்குப் பின்ன அடுக்கு கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் நேனைத்தான் தரும். கடந்த நேரம் சுழியத்துக்குக் குறைந்தால் சுழியம் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

இதைவிடக் கொடியது சேவ் ஃபைல். ஜேசனில் இன்ஃபினிட்டிக்கும் நேனுக்கும் இடமில்லை. ஜாவாஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாமல் இரண்டையும் 'நல்' என்று எழுதிவிடும். திரும்பப் படிக்கும்போது அந்த நல்லோடு ஐந்தைக் கூட்டினால் ஐந்து. ஆறு மாதம் ஆடியவரின் கையிருப்பு ஐந்து நாணயமாகத் திரும்பி வருகிறது, தானியங்கிச் சேமிப்பு அதையே மறுபடி எழுதிப் பழையதை அழித்தும் விடுகிறது. ஆகவே சேமிக்கும் முன் ஒவ்வொரு எண்ணும் முடிவுள்ளதுதானா என்று சோதியுங்கள். இல்லையென்றால் எழுதாதீர்கள், பழைய சேவைத் தொடாதீர்கள். கடைசி இரண்டு மூன்று சேவ்களைத் தனித்தனிப் பெயரில் வைத்திருப்பது இன்னும் நல்லது.

சொந்த எண் வகை

டபுளைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் வழி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1.5 × 10⁴⁰⁰ என்பதில் 1.5-ஐ ஒரு டபுளிலும் 400-ஐ இன்னொரு டபுளிலும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதை முன்எண் என்றும் இரண்டாவதை அடுக்கு என்றும் சொல்கிறேன். முன்எண் எப்போதும் 1-க்கும் 10-க்கும் இடையில், 10-ஐத் தொடாமல் இருக்க வேண்டும். அடுக்கு எப்போதும் முழு எண். இவ்வளவுதான் சட்டம். அடுக்கு 9 × 10¹⁵ வரை போகலாம். நம் நிமிடத்துக்கு இரட்டிக்கும் நாணயம் அந்த எல்லையைத் தொட ஏறக்குறைய 5,700 கோடி ஆண்டு ஆகும்.

பெருக்கல் எளிது: முன்எண்களைப் பெருக்கி, அடுக்குகளைக் கூட்டி, முன்எண் 10-ஐத் தாண்டினால் பத்தால் வகுத்து அடுக்கில் ஒன்று ஏற்றுங்கள். ஒப்பிடும்போது இரண்டும் நேர்ம எண்களானால் முதலில் அடுக்கைப் பாருங்கள், சமமானால் மட்டும் முன்எண்ணை. கூட்டலுக்கு அடுக்குகளின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். வித்தியாசம் 17-ஐத் தாண்டினால் சிறியது டபுளின் துல்லியத்துக்கு வெளியே விழுந்துவிடுகிறது. பெரிய எண்ணை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். பெரும்பாலான கூட்டல்கள் இந்த ஒரு வரியில் முடிந்துவிடுவதால்தான் இந்த வகை இவ்வளவு வேகமாக ஓடுகிறது.

முன்எண்ணை ஒழுங்குக்குக் கொண்டுவரும் ஃபங்ஷனில்தான் பக் குடியிருக்கும். சுழியத்தை முதலிலேயே தனியாகப் பிரித்துவிடுங்கள், அதன் மடக்கை மைனஸ் இன்ஃபினிட்டி. அடுத்து, இயல்மடக்கையை எடுத்து 10-இன் இயல்மடக்கையால் வகுக்கும் பழைய வழக்கத்தை விடுங்கள். 1000-க்கு அது 3 தராமல் 2.9999999999999996 தரும். கீழ்நோக்கி முழுதாக்கினால் அடுக்கு 2 ஆகி, முன்எண் 10 ஆகி, சட்டம் உடையும். பத்தடிமான மடக்கைக்கென்றே உள்ள ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். அப்படியும் முடிவில் ஒருமுறை எல்லையைச் சரிபாருங்கள். பத்தின் அடுக்குகளை ஒவ்வொரு முறையும் கணக்கிடாமல் மைனஸ் 323 முதல் 308 வரை ஒரு அட்டவணையாகத் தொடக்கத்திலேயே தயாரித்து வைத்தால் வேகமும் கிடைக்கும், கடைசி இலக்கப் பிழையும் வராது.

அடுக்கேற்றல் கொஞ்சம் நுட்பமானது. ஓர் எண்ணை 50ஆம் அடுக்குக்கு உயர்த்த, அதன் மடக்கையை 50-ஆல் பெருக்கி, முழுப் பகுதியை அடுக்காகவும், மீதிப் பின்னத்துக்கு 10-ஐ உயர்த்தி முன்எண்ணாகவும் வைக்கிறோம். மடக்கையில் இருப்பது மொத்தமே 16 இலக்கம். அடுக்கு 10¹² அளவுக்கு வளர்ந்துவிட்டால் பின்னத்துக்கு மிஞ்சுவது நாலு இலக்கம்தான். 10¹⁵-இல் ஒன்று மிஞ்சும். அங்கே முன்எண்ணைத் திரையில் காட்டுவதே பொய் சொல்வது போல. அடுக்கை மட்டும் காட்டுங்கள்.

இதையெல்லாம் நீங்களே எழுத வேண்டுமா? கற்றுக்கொள்ள ஒருமுறை எழுதுங்கள், ஒரு மாலையில் முடியும் வேலை. வெளியிடும் ஆட்டத்தில், பாடாஷு என்ற புனைபெயர்க்காரர் எழுதிய 'பிரேக் இன்ஃபினிட்டி' லைப்ரரியைப் பயன்படுத்துங்கள். துல்லியத்தைவிட வேகத்துக்கே முன்னுரிமை என்று வெளிப்படையாகச் சொல்லி எழுதப்பட்டது அது. சி ஷார்ப் வடிவமும் உண்டு.

சேமிக்கும்போது இந்த வகையை ஓர் எழுத்துச் சரமாக எழுதுங்கள். படிக்கும்போது முன்எண்ணையும் அடுக்கையும் நீங்களே பிரித்தெடுங்கள். முழுச் சரத்தையும் மொழியின் சாதாரண எண் மாற்றியிடம் கொடுத்தால் 10⁴⁰⁰-ஐ அது மறுபடி இன்ஃபினிட்டி ஆக்கிவிடும்.

விலையும் 'எல்லாம் வாங்கு' பொத்தானும்

ஜூலியன் தியனோ 2013-இல் வெளியிட்ட குக்கி கிளிக்கரில் முதல் பொருளின் விலை 15 குக்கி. ஒன்று வாங்கும்போதெல்லாம் விலை 1.15 மடங்காகும். நூறு வாங்கியபின் அடுத்ததன் விலை சுமார் 1.76 கோடி. ஐயாயிரத்துச் சொச்சம் வாங்கினால் விலை டபுளின் கூரையைத் தாண்டிவிடும். எண்ணிக்கை சின்னதாக இருக்கும்போதே விலை உடைகிறது என்பதைக் கவனியுங்கள்: விலைக் கணக்கில் வரும் அடுக்கேற்றல் சொந்த எண் வகையில்தான் நடக்க வேண்டும்.

ஒரே அழுத்தலில் பல வாங்கும் வசதிக்கு ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து கூட்டாதீர்கள். இது பெருக்குத் தொடர். அ அடிப்படை விலை, வ விலை ஏறும் மடங்கு, க ஏற்கெனவே கையில் உள்ளவை, ந வாங்கப்போவது என்றால்:

மொத்த விலை = அ × வ^க × (வ^ந − 1) ÷ (வ − 1)

கையிருப்பு ப இருக்கும்போது அதிகபட்சம் எத்தனை என்பதற்கு இதையே திருப்பிப் போட வேண்டும்:

ந = மடக்கை( 1 + ப × (வ − 1) ÷ (அ × வ^க) ) ÷ மடக்கை( வ )

விடையைக் கீழ்நோக்கி முழுதாக்குங்கள். விலையே ஏறாத பொருளுக்கு வ − 1 சுழியம் என்பதால் இரண்டும் வெடிக்கும். அதைத் தனியாகக் கவனியுங்கள். மடக்கையின் நுனிப் பிழையால் ந சில நேரம் ஒன்று கூடிவிடும். அதனால் ந கிடைத்தபின் மொத்த விலையை ஒருமுறை கணக்கிட்டு, கையிருப்பைத் தாண்டினால் ஒன்றைக் குறையுங்கள். கழித்தபின் மீதி சுழியத்துக்குக் கீழே போனால் சுழியமாக்குங்கள். இந்த மூன்றையும் செய்யாத ஆட்டங்களில்தான் மைனஸ் நாணயம் காட்டும் ஸ்கிரீன்ஷாட்கள் பிறக்கின்றன.

விலை ஒவ்வொரு முறையும் பத்து மடங்கு ஏறும் பொருள்களுக்குச் சூத்திரமே தேவையில்லை. மொத்தத் தொகையில் கடைசிப் பொருளின் விலையே பத்தில் ஒன்பது பங்கு. கடைசி விலையை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை இலவசமாக விட்டுவிடலாம். ஆடுபவருக்குச் சின்னச் சந்தோஷம், உங்களுக்கு ஒரு பக் குறைவு.

திரையில் காட்டுவது

ஆங்கிலப் பெயர் வரிசையில் சென்டில்லியன் 10³⁰³. டபுளில் ஓடும் ஆட்டத்துக்கு அந்தப் பட்டியல் கிட்டத்தட்டக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் குவின்டில்லியனைத் தாண்டினால் எது பெரியது என்று யாருக்கும் நினைவிருக்காது. கைபேசி ஆட்டங்கள் பல அதனால்தான் அகர வரிசையில் இரண்டிரண்டு எழுத்தாகப் போட்டு ஒப்பேற்றுகின்றன. என் விருப்பம்: பத்து லட்சம் வரை முழு எண், அதன்பின் பெயர், 10¹⁵-க்கு மேல் அடுக்குக் குறி. எதுவாயினும் அமைப்புப் பக்கத்தில் ஆடுபவர் மாற்றிக்கொள்ளட்டும்.

தமிழில் வெளியிடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு லட்சம், கோடி, லட்சம் கோடி என்று காற்புள்ளி இட வேண்டும். இலங்கை வாசகருக்கு மில்லியன், பில்லியன் பழக்கமானவை, மூன்று மூன்றாகப் பிரிப்பதும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்டின் எண் வடிவமைப்பான் தமிழ்-இந்தியா அமைப்பில் லட்ச-கோடிப் பிரிப்பைத் தானே செய்துதரும். கோடி கோடிக்கு மேல் பேச்சுவழக்கில் பெயரில்லை. பழைய இலக்கியத்தின் ஆம்பல், தாமரை, வெள்ளம் போன்ற பேரெண் பெயர்களை எடுத்தாளலாம், ஆட்டத்துக்கு அழகாகவும் இருக்கும். மதிப்பை நீங்களே நிர்ணயித்து, உதவிப் பக்கத்தில் பட்டியல் கொடுத்துவிடுங்கள்.

முழுதாக்கியபின் எல்லை தாண்டுகிறதா என்றும் பாருங்கள். 9.999 × 10⁵-ஐ இரண்டு தசமத்தில் காட்டினால் '10.00 × 10⁵' என்று வந்து நிற்கும். எல்லா இலக்கமும் ஒரே அகலமுள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஓடும் எண் திரையில் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

அடுக்கின் மேல் அடுக்கு

அடுக்கே டபுளைத் தாண்டும் ஆட்டங்களும் இருக்கின்றன. அவற்றுக்கு 'பிரேக் எட்டர்னிட்டி' லைப்ரரி. அது குறி, எத்தனை மாடி, உச்சியில் என்ன எண் என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. மாடி என்பது எத்தனை முறை 10-இன் தலையில் 10 ஏறியிருக்கிறது என்ற எண்ணிக்கை.

இங்கே கணிதமே வேறு மாதிரி நடந்துகொள்ளும். 10^(10^(10²⁰)) என்ற எண்ணை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள். கீழ் அடுக்கு இரட்டிக்கிறது. அதற்கு மேலே அது 10²⁰-ஓடு 0.301 கூடுவதற்குச் சமம். 16 இலக்கத்தில் அந்த 0.301 விழுங்கப்படுகிறது. எண்ணை இருபடியாக்கியும் எண் மாறவில்லை. 'வருமானம் இரட்டிப்பு' என்று நீங்கள் விற்ற அப்கிரேட் இந்த உயரத்தில் வெற்றுக் காகிதம். அதனால் ஆட்டம் ஒரு மாடி ஏறும்போது அப்கிரேடுகளும் ஏற வேண்டும்: முதல் மாடியில் பெருக்கியது அடுத்த மாடியில் அடுக்கை உயர்த்த வேண்டும், அதற்கடுத்ததில் அடுக்கின் அடுக்கை.

கடைசியாக, சோதிக்கும் முறை. பதினேழு மணி நேரம் காத்திருக்க முடியாது. சோதனைப் பதிப்பில் மட்டும் தெரியும் ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால் கையிருப்பு 10¹⁰⁰ மடங்காகட்டும். மூன்று முறை அழுத்தி 10³⁰⁸-இன் பக்கத்தில் நின்று வாங்குங்கள், சேமியுங்கள், ஆட்டத்தை மூடித் திறங்கள். நான்காம் முறை அழுத்தி மறுபடியும் அதையே செய்யுங்கள். இரண்டு தடவையும் கையிருப்பு ஒன்றுபோலத் திரும்பி வந்தால் வெளியிடலாம்.